அறுபத்திரண்டு வரை அவசரமில்லை

என் தங்கை பெற்ற தங்கமும், மற்றதில் எப்படியோ ஓட்டத்தில் இந்த மாமனைக் கொண்டு பிறந்தவளுமான அன்பு மருமகள் சிட்டுக்கு,

மாமா எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் குறைத்துச் சொன்னதாகிவிடும். நலத்துக்கு மேலே ஒரு படி இருந்தால் அங்கே உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். உன் அத்தையும் நலம், அவள் வாய் அவளைவிட நலம். நீ நலமா என்று வழக்கப்படி கேட்டிருப்பேன். நீ நலமில்லை என்று உன் கடிதமே சொல்லிவிட்டபடியால் அந்த ஒரு வரியை மிச்சம் பிடித்து விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. உடனே போன் பண்ணினேன், நீ அணைத்து வைத்திருக்கிறாய். உன் அம்மா பண்ணினாலும் எடுக்கவில்லையாம், விடுதிக்குப் பண்ணினால் 'அவங்க யார்கிட்டயும் பேச விரும்பலை' என்று பதில் வருகிறதாம். சரி, எழுத்தில் வந்ததற்கு எழுத்திலேயே பதில் என்று உட்கார்ந்துவிட்டேன். நீ எழுதியதை உன் அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கடைசிப் போட்டியில் ஐந்தாவதாக வந்தாய், அதற்கு முந்தினதில் நாலாவது; உன் பயிற்சியாளர் உனக்குக் கேட்காது என்று நினைத்துப் பக்கத்தில் நின்றவரிடம், 'அந்தப் பொண்ணோட உச்சம் போன வருஷத்தோட முடிஞ்சு போச்சு, இனிமே இறக்கம்தான்' என்று சொன்னார், அது உனக்குக் கேட்டுவிட்டது; சனிக்கிழமை காலை அணிக்கு ஆள் எடுக்க இருநூறு மீட்டர் ஓட விடுகிறார்கள், நீ போகப் போவதில்லை; முள் வைத்த ஓட்டக் காலணியை அறைத்தோழிக்குக் கொடுத்துவிடப் போகிறாய்; உன் அப்பா பார்த்து வைத்திருக்கும் கணக்கெழுதும் வேலையில் திங்கட்கிழமை போய் உட்காரப் போகிறாய்; 'எனக்கு இருபத்தாறு ஆயிடுச்சு மாமா, இனிமே என்ன இருக்கு?' இந்த இடத்தில் மட்டும் மை கலைந்திருந்தது. தண்ணீர் பட்டிருக்கும் என்றேன். "ஆமா, தண்ணிதான்" என்று சொல்லிவிட்டு உன் அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சிட்டு, நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு படி. உன் பயிற்சியாளர் சொன்னது தப்பு. கொஞ்சம் நஞ்சம் தப்பு இல்லை, அடியோடு தப்பு. ஓடுகிறவர்களுக்கு உச்ச வேகம் வருகிற வயது எது என்று விஞ்ஞானம் கண்டுபிடித்துப் பத்திரிகையில் போட்டாகிவிட்டது. உனக்கு அந்த வயது வருவதற்கு இன்னும் முப்பத்தாறு வருஷம் கிடக்கிறது. நீ முடிந்துபோகவில்லை, தாயே. நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

இவனுக்கு என்ன தெரியும், எட்டாவது படித்தவன் என்று உன் அப்பா பக்கத்தில் இருந்தால் சொல்வார். எட்டாவதை நான் இரண்டு தடவை படித்தேன் என்பதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. ஒரே தடவையில் தாண்டிப் போனவர்களுக்கு அதில் என்ன இருந்தது என்று இன்றைக்கு ஞாபகம் இருக்குமா? எனக்கு இருக்கிறது. அது போகட்டும். நான் ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவன். இந்த ஊரில் மேலாளரானாலும் பொருளாளரானாலும் முதலில் என் மேசையில்தான் பிறக்கிறார்கள், அதுவும் இடவலம் மாறிப் பிறக்கிறார்கள். எழுத்தைத் திருப்பிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும் என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் என் கடையில் உட்கார்ந்து கை நிறைய 'பெறப்பட்டது' குத்திக்கொண்டு வீட்டுக்குப் போய் உதை வாங்கியவள்தானே நீ. ஆகையால் திரும்பி நிற்கிற எழுத்தை இந்த ஊரிலேயே தடங்கல் இல்லாமல் படிக்கக்கூடிய ஒரே ஆள் நான். இந்த ஊரிலே என்ன, இந்தக் கண்டத்திலேயே என்று ஒருவர் சொன்னார். யார் என்று கேட்காதே. சொன்னார்.

அந்த வித்தைதான் உன்னைக் காப்பாற்றியது. மூன்று வாரத்துக்கு முன்னால் முகச்சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அலமாரித் தட்டில் வைத்தாயிற்று, முகமெல்லாம் நுரை, சலூன்காரர் கத்தியைத் தீட்டுகிறார். எதிரே சுவர் அகலத்துக்குப் பெரிய கண்ணாடி. அதில் பின்னால் பெஞ்சில் காத்திருக்கிற மளிகைக்கடைக்காரர் தெரிகிறார், அவர் பத்திரிகையை விரித்துப் பிடித்திருக்கிறார், எனக்குத் தெரிவது பின்பக்கத் தாள். மற்றவனாக இருந்தால் அது வெறும் கிறுக்கல். நான் கொட்டை எழுத்துத் தலைப்பை வலமிருந்து இடமாக ஓட்டிப் படித்தேன்: 'ஓட்டக்காரர்கள் உச்ச வேகத்தை எட்டும் வயது 62: ஆய்வில் தகவல்.' எனக்கு இப்போது அறுபத்தொன்று நடக்கிறது. வருகிற மாதத்தோடு முடிகிறது. உடம்பெல்லாம் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஆகி, "அப்படிப் போடு!" என்று திரும்பினேன் பார், சலூன்காரரின் கத்தி அந்த நேரம் பார்த்து மீசைக்குப் பக்கத்தில் இருந்தது. அரை மீசை போய்விட்டது. அவர் அழாத குறையாக, "அண்ணே, அசையாம உக்காருங்கன்னு எத்தனை வருஷமா சொல்றேன்!" என்றார். "மிச்சத்தையும் எடுத்துடுங்க தம்பி, காத்து தடுக்காம போகும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போனால் உன் அத்தை கதவைப் பாதி திறந்து, "அவர் வீட்ல இல்லீங்க, அப்புறமா வாங்க" என்று சாத்திவிட்டாள். நான் வாசலில் நின்று எங்கள் கல்யாணத்தில் நடந்த சண்டையை எல்லாம் வரிசையாகச் சொன்ன பிறகுதான் உள்ளே விட்டாள்.

அறுபத்திரண்டில் எப்படி வேகம் வரும் என்று நீ கேட்பாய். நானும் யோசித்தேன். யோசிக்க யோசிக்க, இது முன்பே எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது என்று பட்டது. தலைமுடி போயிற்று, பல் நாலு போயிற்று, இரண்டு பெண்களுக்கும் கல்யாணமாகி அந்தக் கவலை போயிற்று. பாரம் இறக்கின வண்டி வேகமாகப் போகாதா? இருபது வயதில் முழங்காலுக்கு வழி தெரியாது, ஒவ்வொரு அடியும் மூளையைக் கேட்டுக் கேட்டு வைக்கும். அறுபது வருஷம் நடந்த கால் யாரையும் கேட்காது. இதையெல்லாம் உன் அத்தையிடம் விளக்கினேன். அவள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, "அறுபத்திரண்டுல வேகமா ஓடுறது ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள். என்னவென்று ஆவலாகக் கேட்டேன். "வயசு" என்றாள்.

இந்த வாயையும் மீறித்தான் நான் பயிற்சியில் இறங்கினேன். எனக்குப் போட்டி ஆசை இருக்கிறது என்று நினைக்காதே. விஞ்ஞானத்தை நம் குடும்பத்தில் ஒருத்தர் சோதித்துப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். காலணி வாங்கினேன், வேகம் கூடக்கூடக் கால் நீளும் என்று ஒரு எண் பெரியதாகவே வாங்கினேன். முதல் நாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால் தெருவில் இறங்கி ஓட ஆரம்பித்தேன். நம் தெரு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், ஒருத்தன் வேகமாக நடந்தாலே எல்லா ஜன்னலும் திறக்கும். மாடி வீட்டுக் குழாய்க்காரர் பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, "என்ன சார், தண்ணி லாரி வந்துருச்சா?" என்று கத்தினார். எனக்கு மூச்சு ஓட்டத்துக்குப் போய்விட்டது, பேச்சுக்கு மிச்சமில்லை. கையை மட்டும் ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேன்; அவர் வா என்று எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். அவர் குடத்தோடு இறங்கி ஓடி வர, அவரைப் பார்த்துத் தையல்கார அம்மா இரண்டு வாளியோடு வர, அவரைப் பார்த்து எதிர்வீடு, அடுத்தவீடு, நான் திரும்பிப் பார்க்கும்போது எனக்குப் பின்னால் ஒரு தெருவே ஓடி வருகிறது! குடமும் வாளியும் ஒன்றோடொன்று மோதி மேளச் சத்தம். அப்படி ஒரு கூட்டம் பின்னால் வரும்போது நின்றால் மிதித்துவிடுவார்களே, அதனால் இன்னும் வேகமாக ஓடினேன். வேகமாக ஓடுவதைப் பார்த்து அவர்களும் வேகமாக ஓடினார்கள். தெருமுனையில் சாக்கடைப் பாலம் வந்ததால் நின்றேன். "எங்க சார் லாரி?" என்றார்கள். "லாரி இல்லை, உச்ச வேகம்" என்றேன். தையல்கார அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்து, "மீசை எடுத்தப்பவே நெனச்சேன்" என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நாளே ஒரு தெருவைப் பின்னால் ஓட வைத்தவன் இந்த ஊரில் வேறு யார்? அத்தனை பேரில் யாராவது என்னைத் தாண்டினார்களா? இல்லையே. குடத்தோடு ஓடியதால்தான் என்று உன் அத்தை சொல்கிறாள். நானும் தொப்பையோடுதானே ஓடினேன்.

இதற்குள் வியாபாரிகள் சங்கத்து விளையாட்டு விழா வந்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு நூறு மீட்டர் ஓட்டம் என்று போட்டிருந்தார்கள். பெயர் கொடுத்தேன். என்னோடு நின்றவர்களில் ஒருவர் பணி ஓய்வு பெற்ற தபால்காரர், வயது எழுபத்தொன்று, காலில் வெறும் ரப்பர் செருப்பு. இன்னொருவர் பாத்திரக்கடைக்காரர், விசில் ஊதினதும் தன் மனைவியைப் பார்த்துக் கை காட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார், கடைசி வரை ஓடவில்லை, புகைப்படத்துக்காகத்தான் வந்தாராம். நான் புறப்பட்டேன் பார் சிட்டு, அம்பு என்று சொன்னால் அம்பு கோபித்துக்கொள்ளும். பாதி தூரத்தில் பெரிய எண் காலணியில் ஒன்று, என்னைவிட வேகமாகப் போக ஆசைப்பட்டு, கழன்று முன்னால் பறந்துவிட்டது. அதைக் கணக்கில் எடுத்தால் முதலில் கோட்டைத் தாண்டியது என் காலணிதான். நடுவருக்கு அவ்வளவு நுட்பம் போதவில்லை. தபால்காரரை முதலாவதாகவும் என்னை இரண்டாவதாகவும் அறிவித்துவிட்டார். சான்றிதழில் குத்தின முத்திரையும் நான் செய்து கொடுத்ததுதான், எழுத்து எவ்வளவு துல்லியமாக விழுந்திருக்கிறது என்று நீ வந்தால் காட்டுகிறேன். பரிசு வாங்கும்போது தபால்காரரைக் கேட்டேன், "எப்படிங்க இந்த வேகம்?" "நாய் துரத்தாம ஓடுறது இன்னிக்குத்தான் முதல் தடவை, அதான் கொஞ்சம் மெதுவாப் போயிடுச்சு" என்றார்.

இங்கேதான் நீ என்னைக் கவனிக்க வேண்டும். எழுபத்தொன்றில் இருப்பவர் அறுபத்தொன்றை ஜெயித்துவிட்டாரே, அப்படியானால் ஆய்வு தப்பா என்று உன் அத்தை கேட்டாள். தப்பே இல்லை. உச்சத்தைத் தாண்டி ஒன்பது வருஷம் இறக்கத்தில் வந்தவருக்கே இவ்வளவு வேகம் என்றால், அறுபத்திரண்டில் அந்த மனிதர் எப்படி ஓடியிருப்பார்! அப்போது தபால் போட்டவர்கள் எழுதி முடிப்பதற்குள் பதிலே வந்திருக்கும். நான் இன்னும் உச்சத்தைத் தொடவில்லை, ஒரு மாதம் பாக்கி இருக்கிறது. ஆகவே எல்லாம் கணக்குக்குச் சரியாக வருகிறது.

ஓட்டம் நம் குடும்பத்துக்கு யார் வழியாக வந்தது என்பதையும் நீ மறந்துவிடக் கூடாது. உனக்கு ஏழு வயதில் நான் உன் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். நீ அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடி வந்து, அடுத்த நிறுத்தத்தில் ஜன்னல் வழியாக நீட்டினாய். உன் முகம் தக்காளி மாதிரி இருந்தது. 'மாமா, நான் தோத்துடுவேன்னு நெனச்சீங்களா?' என்று கேட்டாய். நான் மறந்திருக்காவிட்டால் நீ ஓடியிருப்பாயா? அன்றைக்கு பஸ்ஸுக்கு முன்னாலேயே நீ போய் நிறுத்தத்தில் காத்திருந்தாய் என்று நான் எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். அதில் காத்திருந்தாய் என்பது மட்டும்தான் என் கைச்சரக்கு. முகமும் கேள்வியும் அப்படியே உள்ளது உள்ளபடி.

ஆகையால் மாமா சொல்லும் முடிவு இதுதான். நாளைக் காலை நீ மைதானத்துக்குப் போக வேண்டாம். போர்வையை இழுத்து மூடி நன்றாகத் தூங்கு. ஓட்டக் காலணியைத் தோழிக்குக் கொடுக்க நினைத்தால் தாராளமாகக் கொடு, முப்பத்தாறு வருஷம் வைத்திருந்தால் முள்ளெல்லாம் துருப்பிடித்துவிடும். திங்கட்கிழமை கணக்கெழுதப் போ, உட்கார்ந்து உட்கார்ந்து கால் நன்றாக ஓய்வெடுக்கட்டும், வேகமெல்லாம் உள்ளேயே ஊறிக்கொண்டிருக்கும். பயிற்சியாளரைப் பார்த்தால் கோபப்படாதே, 'அறுபத்திரண்டில் பார்க்கலாம் சார்' என்று மட்டும் சொல்லிவிட்டு வா. அழாதே. எதுவும் கைவிட்டுப் போகவில்லை, கண்ணு. அவசரமே இல்லை.

இதை நீ மறக்காமல் இருக்க வேண்டும் என்று உனக்கென்றே ஒரு ஸ்டாம்பு செதுக்கியிருக்கிறேன்: '62 வரை அவசரமில்லை.' ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் குத்தியிருப்பதைப் பார்த்திருப்பாய். ஊதா மை. முதல் பக்கத்தில் இரண்டு தடவை விழுந்திருப்பது பிழையில்லை, உற்சாகம். இந்தக் கடிதம் தபாலில் வந்தால் திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்பதால் சாயங்கால பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவருடைய சங்கத்துக்கு ஸ்டாம்பு செய்து கொடுத்தவன் நான், விடியும்போது விடுதி வாசலில் சேர்த்துவிடுவதாகச் சத்தியம் பண்ணியிருக்கிறார்.

உன் அத்தை உன்னை ரொம்ப விசாரித்ததாக எழுதச் சொன்னாள்; நான் எழுதியதை முழுக்கப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டதாகவும் எழுதச் சொன்னாள். நீ நீண்ட ஆயுளோடும் அதைவிட நீண்ட கால்களோடும் இருந்து, அறுபத்திரண்டாவது வயதில் உலகத்தையே முந்த வேண்டும் என்று வாழ்த்தி, அந்த நாளில் தொண்ணூற்றேழு வயதில் உனக்குக் கைதட்ட நான் முன்வரிசையில் இருப்பேன் என்று உறுதி கூறி முடிக்கிறேன்.

உன்னைவிட ஒரு மாமாங்கமோ மூன்றோ முன்னதாக உச்சத்தைத் தொடப் போகும்,
உன் அன்பு மாமா.

பின்குறிப்பு: சிட்டு, மேலே இருப்பதில் நான் உன் மாமா என்பதைத் தவிர எதையும் நம்பாதே. எழுத்து ஆடுகிறதே, மாமாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயப்படாதே. எனக்கு ஒன்றுமில்லை. பஸ் ஆடுகிறது. ஆமாம், நான் பஸ்ஸில்தான் இருக்கிறேன், ஒட்டின உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன்.

நடந்தது என்னவென்றால், பஸ் நிலையத்தில் டிரைவரிடம் உறையைக் கொடுக்கும் முன் அதன் முதுகிலும் ஒரு குத்துக் குத்தலாமே என்று பையிலிருந்து ஸ்டாம்பை எடுத்தேன். மை கூடிப்போய்விட்டது. ஊதிக் காய வைக்கலாம் என்று ஸ்டாம்பைத் திருப்பி முகத்துக்கு நேராகப் பிடித்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனை ரப்பரைப் பார்த்திருப்பேன், இன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ரப்பரில் முதலில் 2 நிற்கிறது, பிறகு 6 நிற்கிறது. தாளில் 62 என்று விழுந்திருக்கிறது. அப்படியானால் சலூன் கண்ணாடியில் 62 என்று தெரிந்தது, மளிகைக்கடைக்காரர் கையிலிருந்த தாளில் என்னவாக இருந்திருக்கும்? எழுத்தையெல்லாம் ஒழுங்காகத் திருப்பிப் படித்த என் கண், எண்ணை மட்டும் அப்படியே படித்துக்கொண்டுவிட்டது. ஆசை, சிட்டு. எனக்குப் பிடித்த எண்ணாக இருந்தது, திருப்ப மனசு வரவில்லை.

"பத்து நிமிஷம் நில்லுங்க தம்பி" என்று டிரைவரிடம் சொல்லி, உறையையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு சலூனுக்கு ஓடினேன். சலூன்காரர் பழைய பத்திரிகையைக் கிழித்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், கத்தி துடைக்க. ஒவ்வொன்றாக உருவிப் பார்த்து, காய்ந்த நுரையும் யாரோ ஒருவர் முடியும் ஒட்டியிருந்த அந்தத் துண்டைப் பிடித்துவிட்டோம். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நம்ப முடியாமல் கழற்றி வைத்துவிட்டு அவரைப் படிக்கச் சொன்னேன். இருபத்தாறு. 'ஓட்டக்காரர்கள் உச்ச வேகத்தை எட்டும் வயது 26.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில், அதுவும் சுமாரான கணக்குதான், ஆளுக்கு ஆள் சில வருஷம் முன்பின்னாக வரும் என்று இருக்கிறது. சலூன்காரர் என்னைப் பார்த்து, "கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுக் கண்ணாடியில படிச்சா இப்படித்தாண்ணே ஆகும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்கண்ணே, மீசை வளந்துடும்" என்றார். மீசைக்கா நான் அப்படி நின்றேன்? இருபத்தாறு யாருக்கு நடக்கிறது என்று எனக்குத்தானே தெரியும். 'இருபத்தாறு ஆயிடுச்சு மாமா' என்று எழுதியிருந்தாயே, அந்தத் தண்ணீர் பட்ட வரி கண்முன்னால் வந்து நின்றது. அப்போது பஸ் நிலையத்திலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் நான் ஓடின ஓட்டம் இருக்கிறதே, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதினால் கைச்சரக்கு என்பாய். பஸ் வெளிவாசலைத் தாண்டித் திரும்பிவிட்டது, என் கடிதம் அதற்குள் போய்க்கொண்டிருக்கிறது, உன்னைத் தூங்கச் சொல்லி எழுதின கடிதம். வாய் திறந்து கத்தவும் மூச்சில்லை. அடுத்த நிறுத்தத்தில் பிடித்துவிட்டேன். பஸ்ஸுக்கு முன்னால் போய்க் காத்திருக்கவெல்லாம் இல்லை, பின்படியைத்தான் பிடித்தேன், நடத்துநர் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். "பெரியவரே, இந்த வயசுல என்னங்க இப்படி ஓடுறீங்க? எங்க போகணும்?" என்றார். "மைதானத்துக்கு" என்றேன். அவர் தன் போனைக் கொடுத்தார், உன் அத்தைக்குப் பேசினேன். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. "அவளை ஓடச் சொல்லுங்க" என்றாள். "தோத்தா திங்கக்கிழமை கணக்கெழுதப் போகட்டும், அதுவும் நல்ல வேலைதான். ஆனா ஓடாம போகக் கூடாதுன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க. மேல ஏதாவது போட்டுக்கிட்டுப் போனீங்களா இல்லையா?" நான் குனிந்து பார்த்தேன். கடை மேலங்கியும் ஓட்டக் காலணியுமாகத்தான் வந்திருக்கிறேன்.

ஆகவே சிட்டு, தூங்காதே, எழுந்திரு. காலணியைக் கொடுத்திருந்தால் ஓடிப்போய்த் திருப்பி வாங்கு, அந்தப் பெண்ணுக்கு நான் வேறு வாங்கித் தருகிறேன் என்று சொல். பயிற்சியாளரிடம் அறுபத்திரண்டு என்று ஏதாவது சொல்லித் தொலைத்துவிடாதே. நாலாவதும் ஐந்தாவதும் வந்தது உன் வயதைக் காட்டவில்லை, அந்த இரண்டு நாளைத்தான் காட்டுகிறது. உச்சம் வந்துவிட்டுப் போய்விட்டது என்று யார் சொன்னார்கள்? இப்போதுதான் வாசலில் வந்து நிற்கிறது, நீ போர்வையை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாய். ஒவ்வொரு பக்கத்திலும் குத்தியிருக்கிற ஸ்டாம்பை, அறைச் சுவரில் கண்ணாடி இருந்தால் அதில் காட்டிப் பார். அதில்தான் சரியான எண் தெரியும்.

விடிந்ததும் இந்தக் கடிதத்தை விடுதி வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, உள்ளே விடமாட்டார்களாமே, நேராக மைதானத்துக்கு வந்துவிடுகிறேன். முடிக்கிற கோட்டுக்குப் பக்கத்து வேலியோரம் நிற்பேன். ஒரே ஒரு சங்கடம். மூக்குக் கண்ணாடியை சலூன் தட்டிலேயே மறந்துவிட்டேன், இந்தத் தடவை அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வர நீ அங்கே இல்லை. அதனால் தூரத்தில் வருகிறவர்களில் நீ யார் என்று எனக்குத் தெரியாது. முதலில் வருவது நீதான் என்று வைத்துக்கொண்டு கைதட்டப் போகிறேன். சத்தமாகத் தட்டுவேன். ஊரான் வீட்டுப் பெண்ணுக்குக் கைதட்டிவிட்டு வந்தேன் என்று உன் அத்தையிடம் சொல்ல வைத்துவிடாதே.